கடைசி பெஞ்சுக்குத் தெரிகிற அளவு

என் மனைவி என் கஃபீலாக இருந்தாள். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் இங்கே தங்குவதற்குச் சட்டப்படி பொறுப்பேற்கும் ஆளுக்கு அந்தப் பெயர். ருவைஸ் ஆலையொன்றில் அழுத்தக் கலன்களை ஆய்வு செய்யும் பொறியாளனாக நான் வேலை பார்த்தவரை அவள் என் விசாவில் இருந்தாள். அறுபது வயதில் நான் ஓய்வு பெற்றேன். பள்ளியில் அவளுடைய கணித ஆசிரியை வேலை தொடர்ந்ததால் நான் அவளுடைய விசாவுக்கு மாறினேன். மாறிய அன்று மாலை குப்பைப் பையை வாசலில் வைத்துவிட்டு, "கஃபீல் சொல்றேன், கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க" என்றாள். அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தப் பை என் பொறுப்பில் இருந்தது.

இந்த ஆண்டு வெயில் ஏறுமுன் அவள் இறந்தாள். ஊருக்குக் கொண்டுபோய்ச் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டு, வீட்டைக் காலி செய்வதற்காக நான் மட்டும் திரும்பி வந்தேன். கஃபீலை இழந்தவனுக்குச் சட்டம் சிறிது அவகாசம் தருகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உத்தேசமில்லை. நான் எழுத வந்தது ஒரு படத்தைப் பற்றி.

திரும்பி வந்த மூன்றாம் நாள் அவளுடன் வேலை பார்த்த வேதியியல் ஆசிரியை வீட்டுக்கு வந்தாள். திருநெல்வேலிக்காரி. என் மனைவியைப் பள்ளியில் 'மேடம்' என்றும் வீட்டில் 'அக்கா' என்றும் அழைப்பாள். அந்த உறவுமுறைப்படி நான் அத்தான் ஆகிவிட்டேன். ஒரு கொழுந்தியாளுக்கு உரிய கேலி உரிமைகள் அனைத்தையும் பத்து வருடமாகக் குறைவின்றிச் செலுத்தி வந்தவள், அன்று சோபாவின் நுனியில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நல்ல வேளையாக விஷயத்துக்கு வந்ததும் பழைய குரலும் வந்துவிட்டது.

கோடை விடுமுறைக்கு முன் பள்ளியில் கணிதக் கண்காட்சி. நுழைவுக் கூடத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்திய பெரிய திரையொன்று உண்டு. என் மனைவி பன்னிரண்டாம் வகுப்புக்காகத் தயாரித்திருந்த சுழலும் முப்பரிமாணப் படத்தை, கீழே அவள் பெயரைப் போட்டு, அன்று முழுவதும் அதில் ஓட்டப்போகிறார்கள். ஆனால் படம் அவளுடைய மடிக்கணினியில் நிரலாகத்தான் கிடந்தது. யாராவது அதை வீடியோவாக மாற்றித் தர வேண்டும்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் அத்தான். ஒரு பட்டன அமுக்கினா வீடியோ வந்துரும்னு அக்கா சொல்லியிருக்காவ. அமுக்கி மட்டும் தாங்க."

"அமுக்க எனக்குத் தெரியும்."

"அது தெரியும். அமுக்குனதும் கைய எடுக்கத் தெரியணும்லா!"

அன்று பிற்பகல் அமுக்கினேன். குதிரைச் சேணம் போல் வளைந்த ஒரு பரப்பு, மெல்லிய கோடுகளால் ஆன கனசதுரப் பெட்டிக்குள் அமர்ந்து, சற்று மேலிருந்து பார்க்கும் கோணத்தில், பம்பரத்தின் கடைசிச் சுற்றுகளைப் போல நிதானமாகச் சுழலத் தொடங்கியது. நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போகும் நிறங்களை அவள் கவனமாகத் தேர்ந்திருந்தாள். நான் கையை எடுத்துவிட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுழலச் சுழலச் சேணம் சுருங்கியது. பிறகு உப்பியது. மறுபடி சுருங்கியது. ஒரு முழுச் சுற்றுக்குள் நான்கு முறை உப்பி, நான்கு முறை சுருங்கிற்று.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் ஓட்டினேன். அளவுகோலை எடுத்துவந்து திரையில் வைத்தே அளந்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை. சுழலும் பொருளின் அளவு மாறக் கூடாது. இதில் மாறுகிறது. என் மனைவியின் படத்தில் ஒரு பிழை இருந்தது.

இதன் முக்கியத்துவத்தை நான் சொல்லியாக வேண்டும். அவள் எதையும் திருத்துகிறவள். மளிகைப் பட்டியலைத் திருத்துவாள், வாழ்த்து அட்டையைத் திருத்துவாள். நான் நிறுவனத்துக்கு எழுதிய ஓய்வுக் கடிதத்துக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் போட்டு, 'நோக்கம் தெளிவு, நடை சுமார்' என்று ஓரத்தில் எழுதியவள். முப்பத்தைந்து ஆண்டுகளில் அவள் செய்த எதிலும் நான் ஒரு பிழை கண்டதில்லை. தேடாமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அந்தக் கணத்தில் உண்டானதை மகிழ்ச்சி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் வேறு சொல் அமையவில்லை. எழுந்து சமையலறை வாசல்வரை போய்விட்டேன். பிறகு உள்ளே சென்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா.

பிழையைக் கண்டுபிடித்தது எளிது. அதை என்ன செய்வது என்பதுதான் கடினமாக இருந்தது. அவள் பெயரைத் தாங்கி நாலு பேர் பார்க்க நிற்கப்போகும் கடைசிப் படம் அது. அது பிழையோடு நிற்கக் கூடாது. அதே சமயம் நான் கை வைத்தால் அது அவளுடைய படமாக இருக்குமா என்றும் தெரியவில்லை. கண்காட்சி வியாழக்கிழமை. என்னிடம் நான்கு நாட்கள் இருந்தன.

முதலில் ஒரு நடுநிலையாளரைத் தேடினேன். எங்கள் கட்டடத்தின் கீழே கீழக்கரைக்காரர் ஒருவர் பக்காலா, அதாவது மளிகைக் கடை, வைத்திருக்கிறார். ட்யூட்டி மாறும் நேரம் தவிர மற்ற வேளைகளில் ஓய்வாகவே இருப்பார். கைப்பேசியில் படத்தை அவரிடம் காட்டினேன்.

"என்னா சார் இது? எங்க ஊருக் கடல்ல சொறிமீன் போற மாதிரி மூச்சு விட்டுக்கிட்டுப் போவுது!"

"மூச்சும் இல்ல ஒண்ணும் இல்ல பாய். பொருள் அதே அளவுலதான் இருக்கு."

"அப்ப என் கண்ணுல கோளாறு?"

பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இப்பப் பாக்கறது பெட்டியோட முகம். எவ்வளவு அகலம்?" பெட்டியை மெதுவாகத் திருப்பி அதன் மூலை அவரைப் பார்க்குமாறு நிறுத்தினேன். "இப்ப?"

"இப்ப அகலமாத்தான் தெரியுது."

"அகலமாத் தெரியறப்ப படத்தோட சட்டத்துக்குள்ள அடங்கணும்னு கம்ப்யூட்டர் ரெண்டடி பின்னால போய்ப் படம் எடுக்குது. முகம் திரும்புனதும் இடம் மிச்சமாகுது, உடனே பக்கத்துல வந்துடுது. இப்படி முன்னாலயும் பின்னாலயும் அலையறது கேமரா. நமக்குப் பெட்டிதான் உப்புற மாதிரி தெரியுது."

"சரி. இதுக்கு என்னா வைத்தியம்?"

கீழே அடுக்கியிருந்த தர்பூசணி ஒன்றைக் காட்டினேன். "அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அகலம்தானே? பெட்டியைச் சுத்தி அந்த மாதிரி ஒரு பந்து இருக்கறதா நெனைச்சுக்கணும். பெட்டியை விட்டுட்டு, அந்தப் பந்து சட்டத்துக்குள்ள அடங்குதான்னு மட்டும் பாருன்னு கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வரி எழுதணும். பந்து மாறாது. அதனால கேமராவும் நகராது."

அவர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தாமும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப டீச்சரம்மா தப்பாப் போட்டுட்டாஹன்னு சொல்றீங்க."

"அப்படித்தான் தெரியுது."

"அவஹ இருக்கையில ஒரு நாளாச்சும் இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

"சொல்ற மாதிரி ஒரு வாய்ப்பு அவ குடுக்கல."

"மௌத்தானவஹகிட்ட இப்ப ஜெயிச்சு என்னா சார் பண்ணப் போறீங்க?" என்றவர், பெட்டியை நீட்டினார். "இத வாங்குறீங்களா, இல்ல இன்னும் சுத்துறீங்களா?"

வாங்கிக்கொண்டேன். மாடிக்கு வந்ததும் அந்த ஒரு வரியை எழுதினேன்.

உப்புவது நின்றது. சேணம் சுழன்றது, அளவு இம்மியும் அசையவில்லை. அளவுகோலும் அதை ஒப்புக்கொண்டது. மறுநாள் மாலை வேதியியல் ஆசிரியையை வரவழைத்து, நெடுநாள் பகைவனை வீழ்த்திய தளபதியின் அடக்கத்தோடு ஓட்டிக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னத்தான் இது! அக்கா படத்தத் துவைச்சுப் போட்டுட்டீங்களா? இம்புட்டாச் சுருங்கிப் போச்சு."

"சுருங்கல. அளவு மாறாம நிக்குது. அதுதான் சரி."

"சரியா இருக்கட்டும். எங்க இருக்கு? நடுவுல நெல்லிக்காய் கணக்கா ஒண்ணு கெடக்கு. சுத்தி எல்லாம் வெறும் வெள்ளை. அக்காவோடது ஸ்க்ரீன் முட்ட நின்னுச்சுலா!"

அவள் சொன்னது உண்மை. பெட்டி முழுவதையும் உள்ளடக்கும் பந்து பெட்டியைவிடப் பெரிது. பந்துக்கு இடம் விட்டால் உள்ளே இருப்பது சிறுத்துப்போகும். நிலைத்த அளவுக்கு அது விலை என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நான் பிரின்சிபால்கிட்ட அக்காவோடதத்தான் குடுப்பேன். நீங்க உருட்டுன உருண்டைய நீங்களே வச்சுக்கிடுங்க. ஒண்ணு கேக்கேன், இம்புட்டு அறிவு இருந்த அக்காவுக்கு அது உப்பி உப்பி அடங்குதது தெரியாமலா இருந்திருக்கும்?"

"தெரிஞ்சா திருத்தியிருப்பா."

"அப்ப தெரியலங்கறதுக்கு ஆதாரம் காட்டுங்க. புதன்கிழமை வரைக்கும் டைம்."

ஆதாரம் தேடத்தான் அவளுடைய நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். அதுவரை கடைசிப் பகுதியை மட்டுமே பார்த்திருந்தேன். நிரலில் கணினி செயல்படுத்தாத குறிப்பு வரிகளை எழுதிவைக்கலாம். அவற்றை அவள் தமிழில்தான் எழுதுவாள், வகுப்பில் பேசுகிற மாதிரியே. நிறங்களைப் பற்றி ஒரு குறிப்பு. வேகத்தைப் பற்றி ஒன்று: 'இதுக்கு மேல வேகமா சுத்தினா பசங்களுக்குத் தலை சுத்தும்.' பாதியில் ஒரு வரி, எழுதப்பட்டு, செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. என் வரி. நான் எழுதிய அதே பந்து வரி. அதன் கீழே இரண்டு குறிப்புகள்:

'பந்து போட்டா கடைசி பெஞ்சுக்குத் தெரியல. வேண்டாம்.'

'இவர்கிட்ட காட்டக் கூடாது. பந்துதான் சரின்னு ஒத்தைக் கால்ல நிப்பார்.'

துக்கம் நேர்ந்தவனிடம் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். விமான நிலையத்தில், வங்கியில், விசா அலுவலகத்தில், ஊரில் உறவினர் கூட்டத்தில் என எங்கேயும் ஐந்து வாரங்களாக என்னை ஒருவரும் திட்டவில்லை. அந்த இரண்டாவது குறிப்பை நான் பல தடவை படித்தேன். எத்தனை தடவை என்று சொல்லப் போவதில்லை.

ஆக, பிழை இல்லை. அவள் இரண்டையும் செய்து பார்த்து, வகுப்பறையின் நீளத்தை எண்ணி, மூச்சு விடும் படத்தையே தேர்ந்திருக்கிறாள். நியாயமாக நான் அங்கே தோல்வியை ஒப்புக்கொண்டு மடிக்கணினியை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஒற்றைக் காலில் நிற்பேன் என்று ஒருவர் எழுதிவைத்த பிறகு இரண்டு காலில் நின்றால் அவரைப் பொய்யாக்கியதாகும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவளுடைய ஆட்சேபம் அளவைப் பற்றியது. அளவு மாறாமலும் இருக்க வேண்டும், பந்தால் வரும் சிறுமையும் கூடாது. பந்து எதற்கு? எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் மாறாமல் இருப்பதற்கு. ஆனால் இந்தப் படம் எல்லாத் திசைகளிலும் புரளவில்லை. நிமிர்ந்து நின்றபடி பக்கவாட்டில் மட்டுமே சுழல்கிறது. அதற்குப் பந்து தேவையே இல்லை. பெட்டியை நிறுத்திவைத்து அதைச் சுற்றி ஒரு உருளை போட்டால் போதும். நிற்கும் உருளையும் சுழற்சியில் மாறாது. அது பந்தைவிட ஒடுக்கம்.

இதை எழுதும்போது காது சூடாகிறது. நான் முப்பதாண்டுகள் ஆய்வு செய்தவை யாவும் உருளைக் கலன்கள். வெயிலில் அவற்றின் மேலேறி, உள்ளே இறங்கி, சுவரைத் தட்டிப் பார்த்துச் சோறு தின்றவன் நான். பாடப்புத்தகப் பந்தைப் பிடித்துக்கொண்டு நாலு நாளில் மூன்றைக் கழித்திருந்தேன்.

உருளைக்கு ஏற்பக் கேமராவை ஒரே தூரத்தில் அசையாமல் நிறுத்தினேன். இப்போது சேணத்தின் அளவு என்ன தெரியுமா? அவளுடைய படம் மூலையைக் காட்டும்போது மிகவும் சுருங்குமே, அந்தக் கணத்து அளவுதான், சுற்று முழுவதும். என் வாதத்தின் முழு பலமும் இதில் இருந்தது. அவள் தன் படம் அவ்வளவு சுருங்குவதை ஏற்றுக்கொண்டாள் என்றால், அந்த அளவு கடைசி பெஞ்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த அளவு தெரிந்துகொண்டே இருப்பதில் அவளுக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? அவளுடைய குறிப்புகளுக்குக் கீழே ஒரு குறிப்பு சேர்த்தேன்: 'உருளையை யோசித்தாயா?'

புதன்கிழமை பள்ளி விட்ட பின் வேதியியல் ஆசிரியையிடம் இரண்டு குறிப்புகளையும் காட்டினேன். முதலாவதைப் படித்து, "நான் சொல்லல?" என்றாள். இரண்டாவதைப் படித்ததும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்புத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

"வாங்க அத்தான். அக்கா கிளாஸ்லயே போட்டுப் பாப்போம்."

வகுப்பறையில் அவள் முன்னால் நின்று படத்தை ஓட்டினாள். நான் பின்னால் போனேன். கடைசி பெஞ்சு என் கால்களுக்குக் குட்டை, முழங்கால்களை ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது. என் மனைவி பதினாறு ஆண்டுகள் பாடம் நடத்திய அறையில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"தெரியுதா?"

"தெரியுது."

"சும்மா சொல்லக் கூடாது. கண்ணாடியக் கழத்திட்டுச் சொல்லுங்க. கடைசி பெஞ்சுல இருக்கதுல பாதிப் பேரு கண்ணாடி போட வெக்கப்பட்டு ஒளிச்சு வச்சிருக்கான்."

கழற்றினேன். நீலமும் மஞ்சளும் கலங்கின, ஆனால் சேணத்தின் முதுகும் இரு பக்கச் சரிவும் தெரிந்தன. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினேன். அவள் அக்காவின் படத்தையும் என் படத்தையும் மாற்றி மாற்றி ஐந்து முறை ஓட்டினாள். எது எது என்று சொல்லாமலே ஓட்டி, "இது?" "இது?" என்று கேட்டாள். பரீட்சை முடிந்ததும் கணினியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினாள்.

"உருளையையே குடுக்கேன். ஆனா கீழ அக்கா பேரு மட்டுந்தான் இருக்கும். உங்க பேரு வராது."

"நான் கேக்கலையே."

"கேட்டாலும் வராது."

வியாழக்கிழமை நுழைவுக் கூடத்தில் நல்ல கூட்டம். பிள்ளைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கியபடி திரிந்தார்கள். நெட்டுக்குத்துத் திரையில் சேணம் சுழன்றது. கீழே அவள் பெயர், பாடம், வேறொன்றுமில்லை. பலரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். அது இயல்புதான். அளவு மாறாமல் நிற்கிற ஒன்றை யார் கவனிப்பார்கள்? நான் தூணோரம் நின்று சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருவர் மட்டும் திரையின் முன் நின்றுவிட்டார். ஆலையொன்றில் வரைவுப் பிரிவில் வேலை பார்ப்பவர், மகள் இங்கே படிக்கிறாள், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். இவையெல்லாம் பிறகு தெரிந்தவை. இரண்டு முழுச் சுற்று பார்த்தார். அருகில் நின்ற வேதியியல் ஆசிரியையிடம் கேட்டார்.

"இது அந்த மேடம் பண்ணுனதுங்களா? எங்க ஆபீஸ்ல பசங்க போடற மாடல் எல்லாம் சுத்தறப்ப உப்பி உப்பி அடங்குமுங்க. பாத்தாலே கண்ணு வலிக்கும். இது அளவு மாறாம நிக்குதுங்களே."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் பத்து வருடத்துக் குறும்பு இருந்தது.

"எங்க அக்கா எதையும் அரைகுறையா விட மாட்டாவ சார். இவங்க அவுக வீட்டுக்காரர்தான், வேணும்னா கேட்டுப் பாருங்க. என்ன அத்தான்?"

ஊர் பார்க்க உண்மையைச் சொல்லும் வாய்ப்பு அது. மூன்று பேர் மட்டுமே இருந்த ஊர்.

"ஆமா," என்றேன். "அவகிட்டத் தப்பு வராது."

"எப்படிப் பண்ணுனாங்கன்னு தெரியுங்களா? பசங்களுக்குச் சொல்லோணும்."

சொன்னேன். பெட்டியின் மூலை வருகிறபோது கேமரா ஏன் பின்னால் ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்கி, கடைசி பெஞ்சுவரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். சுழற்சி ஒரே அச்சில் இருப்பதைக் கவனித்தது அவள், உருளையை யோசித்தது அவள், கேமராவை ஒரே தூரத்தில் நிறுத்தியது அவள். அவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

"உருளைங்களா! நான் பந்துதான் போடோணும்னு நெனச்சனுங்க."

"பந்து போடச் சொன்னது நான்," என்றேன். "அவ கேக்கல."

அவர் சுழலும் சேணத்தை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல வேளைங்க சார், கேக்காம விட்டாங்க."

நானும் அதையே சொன்னேன்.